உப்புக் கொல்லையும் நாலு மூட்டை சிமெண்டும்

மண் விஷயத்தில் செல்வாம்பாளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். 1981 தை மாதம் அரியாங்குப்பத்தில் புதுவீடு கட்டிக் குடிவந்த அன்றே கொல்லை மண்ணை ருசி பார்த்தாள். ஆற்றோரச் சேற்றைக் கொட்டி மேடாக்கிய மனை, லேசாகக் கரித்தது. எரு போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

வீராம்பட்டினத்திலிருந்து நாலு கூடை மீன் கழிவு வாங்கிவந்து புதைத்துக் கத்தரி நட்டாள். பத்தே நாளில் அத்தனையும் கருகிப்போயின. சந்தேகம் வந்து, காலிக் கூடையில் ஒட்டியிருந்த செதிலைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். ஒரே உப்பு. கருவாடு காயவைக்கிற இடத்துக் கழிவு அது. மண்ணை ருசி பார்த்தவள் எருவைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மில்லில் வேலை பார்க்கும் புருஷன் கோவிந்தராசு, வீடு கட்டியதில் மிச்சமான நாலு மூட்டை சிமெண்டைக் காட்டினான். கொல்லை முழுக்கத் தளம் போட்டால் துணியாவது காயும் என்றான். அவள் கொல்லை வாசலை மறித்து நின்றாள்.

"அடுத்த வருஷம் சித்திரை வரைக்கும் கொல்லையில கை வைக்காதீங்க. அதுக்குள்ள காய்க்கலன்னா நானே சிமெண்டு கலக்கித் தர்றேன்."

ஐப்பசி மழைக்கு முன் சுற்றிலும் வரப்பு கட்டினாள். மழைத்தண்ணீரைத் தேக்குவாள், மூன்றாம் நாள் தெருக் கால்வாயில் வடிப்பாள், மறுபடி தேக்குவாள். நாற்று நடப்போகிறாயா என்று பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் சிரித்தாள். சிரிக்கட்டும். ஐந்தாம் முறை வடித்தபோது நாக்கில் கரிப்பைத் தேடவேண்டியிருந்தது.

கார்த்திகையில், மண்ணுக்கே உரமாகிற தக்கைப்பூண்டுச் செடியை விதைத்தாள். இடுப்பளவு வளர்ந்ததும் வெட்டி, மண்ணிலேயே மடக்கிப் புதைத்தாள். கொப்புளம் கண்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் வெட்டினாள். இந்தத் தடவை எரு மாட்டுச்சாணம். அதை முகர்ந்து பார்த்ததோடு விட்டுவிட்டாள். மாசியில் கத்தரி நட்டாள்.

சித்திரை பிறந்தது. செடியெல்லாம் பூ. காய் ஒன்றுகூட இல்லை. வாக்கு வாக்குதான். செல்வாம்பாள் சிமெண்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அங்கே கோவிந்தராசு செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தான். பிறந்ததிலிருந்து மண்ணைத் தொடாத மனுஷன், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துச் சப்புக் கொட்டினான்.

"கரிக்கல செல்வா. சட்டிய உள்ள வை."

மழை ஈரத்தில் அந்த நாலு மூட்டையும் எப்போதோ கல்லாகியிருந்தன. அதற்குப் பிறகு அவள் துணி துவைத்ததெல்லாம் அவற்றின்மேல்தான்.