பைக்குள் இருந்த இடக்கை

மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் அவர். நரைத்த மீசை, ஒடிசலான உடம்பு. நான் பாட்டு கேட்கும் பழைய வால்வு பிரீ-ஆம்ப்ளிபயர் ஊமையானபோது வீட்டுக்கு வரவழைத்தேன். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"புது கண்டென்சர யாரு சார் தலகீயா போட்டது?"

மேம்படுத்துவதாக எண்ணிப் போட்டவன் நான்தான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் அதை எப்படி ஒப்புக்கொள்வது? "யாரோ ஒரு மெக்கானிக்," என்றேன்.

"அந்தாளு இன்னொரு தபா தொட்டா, ஒரு கைய பாக்கெட்டுல வச்சிக்க சொல்லு சார். ரெண்டு கையும் வச்சான்னா கரண்டு நெஞ்சு வயியா பூடும்."

அவர் வேறொன்றைச் சரியாகப் போட்டதும் பாட்டு ஒலித்தது. புறப்படும்போது, கண்டென்சரைப் பற்றவைத்தபோது சால்டரிங் அயர்ன் சுட்ட என் விரலை ஒரு கணம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்பது எனக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்தால், என் இடக்கையும் பைக்குள்தான் இருக்கிறது.