என் தூண் சாயவில்லை

1. நீட்டிய தாள்

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ இசக்கி" என்று எங்கள் ஆய்வகத்தின் தலைவரான மேடம் தாளை நீட்டினார். அந்தமானில் எங்கள் ஆய்வகம் வைத்திருக்கும் நில நகர்வை அளக்கும் மூன்று ஜிபிஎஸ் தூண்களும் சாய்ந்துவிட்டன, பதிவுகளை ரத்து செய்து நிலையங்களை மூடிவிடலாம் என்று அதில் இருந்தது. அந்தத் தூண்களைப் போட்டவன் நான். பாறையில் துளையிட்டு, கம்பி இறக்கி, சட்டி சட்டியாகக் கலவை கொட்டியது என் கை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"தூண் சாயல மேடம். தீவுதான் நவுந்திருக்கு."

"மெதுவா வர்ற பூகம்பம்னு சொல்றேளா? எனக்கும் ஆசைதான். ஆனா மூணையும் போட்டது ஒரே ஆள், ஒரே கலவை. மூணும் சேர்ந்து சாஞ்சிருக்குன்னு எவனாவது கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். நான் தாராவிக்காரன், எனக்கு அது வராது. "கையெழுத்துப் போட மாட்டேன். என்ன வேணா செஞ்சுக்கிடுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

2. சத்தமில்லாத நகர்வு

இதைப் படிக்கும் இளைய டெக்னீஷியன்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தமானுக்கு மேற்கே கடலடியில் நம் நிலத்தட்டு தீவுகளின் தட்டுக்குக் கீழே நுழைகிறது. இரண்டும் உரசும் இடம் பிடித்துக்கொள்கிறது. அதனால் மேலே இருக்கும் தீவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே இழுபடுகிறது, இறுக்கம் சேர்கிறது. பிடி பட்டென்று விட்டால் பூகம்பம். சில இடங்களில் அதே பிடி நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல வழுக்கி விடும். யாருக்கும் தெரியாது, தம்ளரில் வைத்த தண்ணீர்கூட ஆடாது. ஆனால் தீவு சில மில்லிமீட்டர் மேற்கே திரும்பியிருக்கும்.

எங்கள் மூன்று தூண்களும் அப்படித்தான் திரும்பியிருந்தன. ஓரிடத்தில் இறுக்கம் விட்டால் பக்கத்து இடத்தில் கூடவும் செய்யலாம். அந்தப் பதிவை ரத்து செய்தால், தீவு மக்களின் காலுக்குக் கீழே நடப்பதைப் பார்க்கிற கண்ணை நாமே குத்திக்கொண்ட மாதிரி.

என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. தாராவியில் மாடி எழுப்புகிறவர்கள், வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டு விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டு, வீட்டுக்காரரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பழைய விரிசலெல்லாம் நம் தலையில்தான் விழும். அதே பயத்தில், ஒவ்வொரு தூணைச் சுற்றியும் பாறையில் நான்கு பித்தளை ஆணி அடித்து, தூணின் தலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை அன்றே குறித்திருந்தேன். ஆபீஸில் யாரும் அதைக் கேட்கவில்லை. தூண் சாய்ந்தால் அந்தத் தூரம் மாறியே தீர வேண்டும்.

போய் அளக்க ஆபீஸ் செலவில் டூர் கேட்டேன். கிடைக்கவில்லை. சரிதான் போங்கள் என்று எல்டிசி, அதாவது விடுமுறைப் பயணச் சலுகை, எழுதிக் கொடுத்தேன். குடும்பத்தோடு எங்கே போனாலும் சர்க்கார் கேட்காது.

வீட்டில்தான் சண்டை. "ஊர்க் கோயில் கொடைக்குப் போவோம்னு வச்சிருந்தத ஆணி பாக்கவா செலவழிக்கப் போறீய? கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் என் மனைவி செல்வி.

"என் வேலையத் தப்புன்னு எழுதச் சொல்லுதாவ. சும்மா இருக்கச் சொல்லுதியா?"

அவள் பெட்டியைக் கட்டினாள். தூண்கள் நிற்கும் மூன்று தீவுக்கும் படகில் போனோம். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவள்தான். கடைசித் தூணில் பன்னிரண்டாவது ஆணியை அளந்ததும், "இதுவும் அப்படியேதான் இருக்கு. கொண்டுபோய் மேடம் மேசையில போடுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

3. பழைய ரெஜிஸ்டர்

மேடம் போட்டோக்களையும் அளவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னிடம் கையெழுத்துக் கேட்ட தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன், இசக்கி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இப்படி எப்பவாவது வந்திருக்கா?"

ஜம்பமாகத் தூண்களின் பழைய ரெஜிஸ்டரை எடுத்து வந்து புரட்டினேன். தூண் போட்ட முதல் வருடங்களில் இரண்டு இடத்தில், இதே மேற்குத் திருப்பம். எதிரே, "தூண் உட்கார்ந்தது. வரைபடக் கோடு நேராக்கப்பட்டது." கீழே என் கையெழுத்து. ஆணி அடித்தவனே அளந்து பார்க்கவில்லை. புதுக் கலவை, உட்காரும் என்று நானே முடிவு செய்திருக்கிறேன்.

மேடம் படித்தார். ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தப்பு என்னோடதுன்னு எழுதித் தாரேன் மேடம். மூலப் பதிவு பழைய கம்ப்யூட்டர் டேப்புல கெடக்கு, எடுத்து மறுபடி கோடு போடுதேன்" என்றேன். போட்டேன். நேராக்கிய கோடு இரண்டும் மறுபடி வளைந்தன.

மேலதிகாரியை எதிர்த்து நிற்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. என் கையெழுத்தை எதிர்க்கத்தான் இத்தனை வருடம் ஆயிற்று. இப்போது யார் கோட்டை நேராக்கச் சொன்னாலும், முதலில் போய் அளந்துவிட்டு வா என்கிறேன். சொல்வது மேடமாக இருந்தாலும் சரி, நானே ஆனாலும் சரி.