மட்டாஞ்சேரியில் பத்து நிமிடப் பார்சி

எழுபத்தோரு வயதில் என்னைத் திரும்பவும் முதல் நிலைக்கே அனுப்பப் போவதாக இணையப் பார்சி (பாரசீக மொழி) வகுப்பின் ஆசிரியை சொன்னார். அங்கே இருப்பவர்கள் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். பார்சி பேசும் யாரோடாவது பத்து நிமிடம் பேசி, பதிவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் மேலே போகலாமாம். அதனால்தான் போன சனிக்கிழமை கொச்சிக்குப் போனேன்.

நான் செய்த குற்றம் இதுதான். பார்சியில் அரபிச் சொற்கள் ஏராளம். அவை அச்சில் வார்த்தவை. க், த், ப் என்று மூன்று மெய்யெழுத்தைப் போட்டால் சொல் வந்து விழும். கெதாப் புத்தகம், காதெப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது. நம்மூர் மகசூலும் இந்த மக்தூப் அச்சுதான். ஜாலெம் அநியாயம் செய்பவர், மஜ்லூம் அதற்கு ஆளானவர். ஆசிரியையும் நானும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி யார் உதவியும் இல்லாமல் ஆயிரத்து இருநூறு சொற்கள் சேர்த்தேன். பார்சி வினைச்சொற்கள் மட்டும் இந்த அச்சுக்கு அடங்குவதில்லை. அடங்காததை நான் படிப்பதில்லை.

பாலக்காட்டிலிருந்து காலை ரயில், 75 ரூபாய், மூன்று மணி நேரம். எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு, ஆறு ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து மட்டாஞ்சேரி இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார், நடந்தேன்.

கம்பளக் கடை ஹக்கீம் பாய் தமிழ்க் குடும்பத்துக்காரர். பழைய கம்பளங்களைச் செப்பனிட ஈரானிலிருந்து பஹ்ராம் என்ற பெரியவர் அவர் கடைக்கு வந்திருப்பதை ஃபோனில் விசாரித்து வைத்திருந்தேன்.

"பேசுவாரு சாரே. ஆனா பயங்கர வாசிக்காரன், பிடிச்ச பிடியை விடமாட்டாரு, பாத்துக்கோங்க," என்றார் பாய்.

கைபேசியில் பதிவை ஓடவிட்டு "சலாம்" என்றேன். பஹ்ராம் ஊசியைக் கீழே வைத்தார். அது அரபியாம். "தொரூத்" என்று சொல்ல வேண்டுமாம். பெயர் சொல்ல "எஸ்ம்" என்று தொடங்கினேன். அதுவும் அரபி, "நாம்" என்றார். தம் மொழியிலிருந்து அரபியைக் களையெடுக்கும் கட்சி அவர். எங்கள் தெருவிலும் தமிழுக்கு இப்படி ஒருவர் உண்டு. பத்து வருடமாக அவரோடு நான் பேசுவதில்லை.

"பெகூ, தொரூத்!" என்று அதட்டினார். பெகூ என்றால் சொல். பதிவில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"பெகூ, சலாம்!" என்று அவருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

"நெமீகூயம்!" சொல்ல மாட்டாராம்.

"நானும் நெமீகூயம்!"

அன்னிய நூலை இப்படித்தான் உருவ வேண்டும் என்று, கம்பளத்திலிருந்து யாரோ முன்பு தைத்திருந்த நூலை இழுத்துக் காட்டினார். அவர் புதிதாகக் கோத்துக்கொண்டிருந்த சிவப்பு நூலைத் தொட்டு, "அஸ் கொஜா?" என்றேன். எங்கிருந்து?

"எர்ணாகுளத்துல நான்தான் வாங்கிட்டு வந்தேன்," என்று பாய் சிரித்தார்.

அப்புறம் சொல்மழைதான். நூல் நல்ல நூல் என்றார் பஹ்ராம். என் சொல்லும் நல்ல சொல் என்றேன். அவர் வீசிய வினைச்சொல்லையெல்லாம் பிடித்துத் திருப்பி வீசினேன். பாய் கொண்டுவந்த சாயா இரண்டு முறை ஆறியது.

"சாரே, நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துப் பிள்ளைங்களா?" என்றார் பாய். பதிவு இருபத்தாறு நிமிடம்.

மேலே போகலாம் என்று ஞாயிறு மாலை ஆசிரியை எழுதினார். வினைச்சொற்கள் நன்றாக வந்திருக்கின்றனவாம். அவை பஹ்ராமுடையவை. என் முறையில் மாற்றமில்லை.

போகிறவர்களுக்கு: பஹ்ராம் இன்னும் மூன்று வாரம் அங்கே இருப்பார். காலை பதினோரு மணிக்கு மேல் போங்கள். கம்பளம் வாங்கத் தேவையில்லை. அவர் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.