கொள்ளி வைத்த பார்சி

எதிராளி என்ன கேட்கிறார் என்பது முழுதாகக் காதில் விழும் முன்பே "ஆகட்டும்" என்று சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. இந்த வியாதியால் படித்தே பார்க்காத கவிதைகளுக்கு முன்னுரை எழுதியிருக்கிறேன். பாடவே தெரியாமல் பஜனை கோஷ்டிக்குத் தலைவனாக இருந்திருக்கிறேன். ஒரே ஒரு முறை அது என்னைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய்விட்டது.

நாங்கள் பார்சிகள். திண்டிவனத்தில் எங்களைத் தவிர வேறு பார்சிக் குடும்பம் கிடையாது. அப்பா சோடா கம்பெனி வைத்திருந்தார். வீட்டில் நெருப்புக்கு ஏகப்பட்ட மரியாதை. அதன்மேல் மூச்சுக்காற்றோ எச்சிலோ படக்கூடாது, குப்பையைப் போடக்கூடாது. பிணம் அதைத் தொடவே கூடாது. சுடுகாட்டுப் பக்கம் புகை எழும்பினால் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். செத்தவர்மேல் வெறுப்பு ஒன்றுமில்லை, நெருப்பின்மேல் இரக்கம்.

சோடாப் பெட்டிகளை விழுப்புரம் ஜங்ஷனுக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரரை நான் மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன். பிள்ளை இல்லாதவர்கள். நான் பாதி நாள் சாப்பிட்டது அவர்கள் வீட்டுக் கேப்பைக் களி. பேசக் கற்றதும் அங்கேதான். என் குஜராத்தியைக் கேட்டு உறவினர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு உள்சட்டை போட்டு இடுப்பில் கம்பளிக் கயிறு கட்டும் சடங்குக்குச் சென்னை போனபோது மாமாவும் கூட வந்தார். எங்கள் கோயிலுக்குள் வேற்று மதத்தார் நுழையக்கூடாது என்பதால் வாசலிலேயே நின்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். நெருப்பு என்றேன்.

"இத்த பாக்கவா ரயிலேறி வந்தோம்? நாங்க நெருப்புலயே பொறந்த வம்சம்டா" என்றார்.

அவர் குலத்தின் முதல் மனிதன் யாகத் தீயிலிருந்து எழுந்து வந்தான் என்று ஒரு கதை உண்டு. அன்றிலிருந்து என்னைப் பங்காளி என்றுதான் கேலி செய்வார்.

யுத்தகாலத்தில் ஒரு ஐப்பசி மாதம் மாமா படுத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ முனகினார். வழக்கம்போல "ஆகட்டும் மாமா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அத்தை என்னையே பார்த்தாள். "கொள்ளி நீதான் வெக்கணும்னாரு. அண்ணன் மவன் கை படக்கூடாதாம். நீ சரின்ட்ட."

அண்ணன் மகன் கண்டாச்சிபுரத்தில் இருந்தான். வரப்புத் தகராறில் மாமாவைக் கைநீட்டி அடித்தவன். சொன்னதைத் திரும்பப் பெற வாயெடுத்தேன். மாமா தூங்கிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை.

அந்த வாரமே போய்விட்டார். அண்ணன் மகன் வந்து, தலை முழுகி, ஈர வேட்டியோடு தயாராக நின்றான். அத்தை அவன் பக்கம் திரும்பவே இல்லை. நான் நின்ற வாசற்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன்.

"நெருப்பில் பிணத்தை வைப்பது பாவம். கொடுத்த வாக்கை மீறுவதும் பாவம். இரண்டையும் உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். எந்தப் பாவத்தை உன்னால் சுமக்க முடியும் என்று எனக்குத் தெரியாது" என்றார் குஜராத்தியில். பிறகு தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

சுடுகாட்டில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இடுப்புக் கயிற்றைப் பார்த்த நாவிதர், பூணூல் ஏன் இவ்வளவு கீழே இறங்கிவிட்டது என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. தோளில் பானையோடு சுற்றி வந்தேன். கொள்ளிக் கட்டையைக் கையில் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வை, வைத்தபின் திரும்பிப் பார்க்காமல் போ என்றார்கள். அந்த வழக்கம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்திருந்த பிரார்த்தனையை வாய்க்குள் சொல்லி, நெருப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். மாமாவிடமும் கேட்டேன், எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. வைத்துவிட்டு நடந்தேன். தூரத்தில் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றிருந்தார்.

அடுத்த சில வாரங்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் முன்னோர் பாரசீகத்தை விட்டுக் கடல் தாண்டி ஓடி வந்ததே அந்த நெருப்பைக் காப்பதற்காகத்தான். அதை அசுத்தம் செய்தவன் நான். மறுநிமிஷமே, பெற்ற மகனைப்போல நின்று கடன் தீர்த்தவன் என்று நெஞ்சு நிமிரும். பார்சியா, அத்தை வீட்டுப் பிள்ளையா என்று எனக்குள் ஓயாமல் வழக்கு நடந்தது. கடைசியில் தாங்காமல் ஒருநாள் அத்தையிடமே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அத்தை மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"நீ வெச்சது புடிக்கவே இல்லியாம் கண்ணு. வெறகெல்லாம் ஈரம். நீ அந்தாண்ட போனதும் வெட்டியான்தான் சீமெண்ணெய் ஊத்திப் பத்தவெச்சானாம்."