வீடில்லாத நாற்பது சுவர்கள்

ஆலங்காயம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'பிலிப்ராஜ் ஸ்டுடியோ' என்று ஒரு பலகை தொங்கியது. அங்கே படம் எடுத்தது பிலிப்ராஜ் இல்லை, அவர் மனைவி மதலேனாள். கேமராவுக்கு முன்னால் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் பிலிப்ராஜுக்குக் கை நடுங்கும். அதனால் அவர் இருட்டறைக்குள் போய்விட்டார். அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை. நெகட்டிவின் மேல் கூரான பென்சிலை வைத்து முகப்பருவை எடுப்பார், அம்மைத் தழும்பை எடுப்பார், ஆள் கொஞ்சம் தாராளமாகக் கேட்டுக்கொண்டால் ஒரு மச்சத்தையே எடுத்துவிடுவார்.

இருப்பதை இருப்பதுபோல் காட்டாதது மதலேனாளுக்குப் பிடிக்காது. "கீறத கீற மாதிரி குடுத்தா அவங்களுக்கு இன்னாங்க கொறஞ்சுடும்?" என்பாள்.

"கல்யாணம் கொறஞ்சுடும்மே" என்பார் அவர்.

வாரச்சந்தை நாளில் மதலேனாள் கேமராவோடும் சுருட்டிய திரைச்சீலையோடும் பஸ் ஏறி மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு வந்துவிடுவாள். திரையில் ஒரு ஏரி, ஏரியில் இரண்டு அன்னம். சாமை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மலைக்காரர்கள் அந்த ஏரிக்கு முன்னால் போய் நிற்பார்கள். கடன் மனுவில் ஒட்டுவதற்குத்தான் முக்கால்வாசிப் பேருக்குப் படம் தேவைப்பட்டது. "மூச்ச வுடாத சாமி. வுட்டா இன்னொரு வாட்டி நிக்கணும்" என்று அதட்டியே எடுப்பாள். பெரிய அதிகாரி என்றாலும் அதே அதட்டல்தான். அதனால் அவளுக்கு அதிகாரிகளிடம் ஒரு மரியாதையும் இருந்தது, ஒரு கெட்ட பெயரும் இருந்தது.

அப்போது நான் அங்கே ஒரு அலுவலகத்தில் கிளார்க். மலைக்கிராம விளம்பரக் கிளை என்று அதற்குப் பெயர். இன்று தேடினால் கிடைக்காது. நாலு வருஷம் இருந்தது, பிறகு அதை மூடியதும் யாருக்கும் தெரியவில்லை. அரசாங்கம் சொல்ல விரும்புவதை மலை ஜனங்களுக்கு எழுத்தில் சொல்வது எங்கள் வேலை. அவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. அதற்காக எழுத்தை இன்னும் பெரிதாக எழுத வேண்டும் என்பது எங்கள் அதிகாரி தசரதனின் முடிவு.

1976-ல், நெருக்கடிநிலை நடந்துகொண்டிருந்தபோது, மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. நாற்பது மலைக் கிராமங்களில் சுவர் வாசகம் எழுத வேண்டும். எழுதியதற்கு அத்தாட்சியாக ஊருக்கு ஒரு போட்டோ ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். தசரதன் உடனே பெயிண்டர் காசியை அழைத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினார். சாயங்காலம் வெறும் கையோடு திரும்பி வந்தார்.

"தேவராஜ்" என்றார் என்னைப் பார்த்து. "இந்த மலையில சுவரே இல்லையேய்யா."

உண்மைதான். மூங்கில் பிளாச்சும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள். கூரைப்புல் இடுப்பு உயரத்துக்கு இறங்கி வந்திருக்கும். 'சிக்கனமாக வாழ்வோம்' என்று எழுத வேண்டுமானால் முதல் எழுத்துக்கே இடம் போதாது.

இல்லை என்று மேலிடத்துக்கு எழுதுகிற பழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் நீளமாக ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. காசி அதில் வாசகத்தைப் பெயிண்டால் எழுதினான். அதற்குக் கீழே ஊர்ப் பெயரைச் சாக்பீஸால் எழுதினான். ஒரு படம் எடுத்ததும் ஈரத்துணியால் பெயரைத் துடைத்துவிட்டு அடுத்த ஊரை எழுதினான். படம் எடுக்க மதலேனாள் அழைக்கப்பட்டிருந்தாள். மூன்று ஊர் முடிந்ததும் அவள் கேமராவை இறக்கினாள்.

"சார், இன்னா இது? நாப்பது ஊர்லயும் மணி பதினொண்ணு தானா? நெழலு ஒரே மாதிரி விழுது பாருங்க."

தசரதன் திகைத்துப்போனார். "அதுக்கு என்னம்மா பண்றது?"

அவள் அப்போதே போய்விட்டிருக்கலாம். போகவில்லை. மற்றவர்களின் பொய்யைத் திருத்தித் தருவதில் அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நாலு நாள் காலையும் மாலையுமாக வந்து எடுத்தாள். ஒரு ஊருக்கு ஆட்டைக் கட்டினாள். ஒரு ஊருக்குப் புளியங்கிளையைத் தொங்கவிட்டாள். சுவரின் நடுவில் ஓடிய விரிசலை மறைக்க ஒரு ஊரில் என்னையே வேட்டி கட்டி நிற்கவைத்தாள். இன்னொரு ஊரில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

படங்கள் போய்ச் சேர்ந்தன. மேலிடம் மகிழ்ந்துபோய்ப் பதில் எழுதியது. மலைவாழ் மக்களின் சுவர்கள் சிறப்பாக உள்ளன, ஒரு குழு நேரில் வந்து பார்வையிடும் என்று. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று தசரதன் மதியம் சாப்பிடவில்லை.

இப்போது உண்மையிலேயே நாற்பது சுவர் வேண்டும். கட்டினோம். வீடு இல்லை, கூரை இல்லை, வாசல் இல்லை. ஊர் நுழைகிற இடத்தில் கல்லும் மண்ணும் வைத்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். பாதையைப் பார்த்த பக்கம் மட்டும் பூச்சும் வெள்ளையும். ஊத்துக்கொல்லை என்ற ஊரில் சடையன் என்பவரின் சாமைக் கொல்லை ஓரத்தில் சுவர் எழும்பியது. அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சாமி கட்றீங்க?" என்றார்.

"சுவர்."

"அது தெரியுது. எதுக்குள்ள போறதுக்கு?"

காசி 'பேச்சைக் குறைப்போம், உழைப்பைப் பெருக்குவோம்' என்று நீலத்தில் எழுதிவிட்டு இறங்கினான்.

பதினைந்து நாள் கழித்து, குழு வருவதற்கு முன் புதுப் படங்கள் அனுப்பும்படி மேலிடம் கேட்டதால், எல்லாச் சுவரையும் முறையாகப் படம் எடுத்து வர மதலேனாளை அனுப்பினார்கள். வழிகாட்ட நான் போனேன். ஊத்துக்கொல்லையில் காசியின் நீல எழுத்துக்குக் கீழே அடுப்புக்கரியில் இன்னொரு வாசகம் இருந்தது.

'சுவரு வந்துச்சு. வூடு எப்ப வரும்?'

மதலேனாள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஸ்டாண்டை நாலடி முன்னால் நகர்த்தி வைத்தாள். அதுவரை அவள் எந்தப் படத்தையும் அவ்வளவு நிதானமாக எடுத்து நான் பார்த்ததில்லை.

எழுதியது யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. சடையனின் மருமகள் அம்சவல்லி குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். விடுதிப் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தவள். வலது கை விரல்களில் கரி. எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மதலேனாள் "நல்லா கொட்டையா எழுதியிருக்காங்க, யாரோ" என்று மட்டும் சொன்னாள்.

இதைக் கேள்விப்பட்டோ, தானாகத் தோன்றியோ, மற்ற ஊர்களிலும் கரி வேலை செய்ய ஆரம்பித்தது. 'சிக்கனமாக வாழ்வோம்' என்பதற்குக் கீழே 'வேற எப்படி வாழ்றதுனு காட்டு' என்றிருந்தது. 'சிறு குடும்பம் சீரான குடும்பம்' என்பதற்குக் கீழே ஒரு ஜீப் வரைந்திருந்தது. ஜீப் நிறையக் குழந்தைகள். எண்ணிப் பார்த்தால் ஆறு. தசரதனுக்கு ஆறு குழந்தைகள். எழுதத் தெரியாதவர்கள் படமாகப் போட்டார்கள். ஒரு சுவரில் தொப்பி போட்ட கரடி, இன்னொன்றில் நாற்காலி மேல் தூங்கும் ஒருவர். அது நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மதலேனாளுக்கு இது பைத்தியமாகிவிட்டது. சந்தை வியாபாரத்தை விட்டுவிட்டுச் சொந்த பிலிமோடு ஊர் ஊராக நடந்தாள். ஒரு மழை வந்தால் கரி கரைந்துவிடும் என்று மேகத்தைப் பார்த்தபடி ஓடுவாள். ஏரிக்கும் அன்னத்துக்கும் முன்னால் நிற்க வந்தவர்கள் காத்திருந்துவிட்டுப் போனார்கள்.

செய்தி தசரதன் காதுக்குப் போனது. அவளை வரவழைத்தார்.

"எழுதுனது யாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாதுங்க. நான் போறப்ப சுவரு மட்டும் தாங்க நிக்கும்."

"போலீஸ்ல குடுத்தா கையெழுத்தைப் பார்த்தே பிடிச்சிடுவாங்க. காலம் என்ன காலம்னு தெரியும் இல்ல?"

"தெரியுங்க. குடுங்க. சுவரு யார் வூட்டுதுன்னு மொதல்ல கேப்பாங்க."

 தசரதன் குரலைத் தாழ்த்தினார். நாற்பது சுவருக்கும் திரும்ப வெள்ளையடிக்க ஆளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அடித்தாலும் மறுநாள் கரி வரும். படம் நன்றாக இருந்தால் குழு வராமலே போனாலும் போகும். "உங்க வூட்டுக்காரர் பருவெல்லாம் எடுப்பாராமே?" என்றார்.

அப்படியாக, சுவருக்கு அடிக்க வேண்டிய வெள்ளையைப் பிலிப்ராஜ் பென்சிலால் நெகட்டிவுக்கு அடித்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரிண்ட் போட்டுவைக்கச் சொல்லி மதலேனாள் பக்கத்திலேயே நின்றாள். அவர் வாழ்நாளில் அழித்ததிலேயே பெரிய பரு அதுதான். பதினெட்டு நாள் ஆனது.

இந்தச் சமயத்தில்தான் ஜமுனாமரத்தூரில் அவள் சாமான் வைக்கும் அறையின் கதவில் ஒருநாள் கரி எழுத்து இருந்தது. 'மதலேனா எடுத்த படத்தை மாப்பிள்ளை வூட்டுக்கு அனுப்பாதே.' சந்தைக்கு வந்த ஜனமெல்லாம் நின்று சிரித்தது. நாற்பது ஊரின் கிண்டலையும் தேடித் தேடிப் படம் எடுத்தவள், ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாக வந்து ஐந்து நிமிஷத்தில் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன்க்கா, அதைப் படம் எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் பத்தாது" என்றாள். மணி பன்னிரண்டு, உச்சி வெயில்.

அடுத்த சந்தையன்று வந்தபோது அவளே ஒரு கரித்துண்டை எடுத்து அதே வாசகத்தை அதே கதவில் எழுதினாள். எழுதிவிட்டுப் படம் எடுத்தாள்.  அவள் பெட்டியில் இருக்கும் படங்களில் போலி அது ஒன்றுதான். அரசாங்கத்துக்குக் கொடுத்த நாற்பதைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன்.

மேலிடத்துக்குப் படக்கட்டு அனுப்புகிற நாள் வந்தது. உறையில் போட்டு அரக்கு வைப்பது என் வேலை. மதலேனாள் படக்கட்டை என் மேஜையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். கரி எழுத்து ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தது. பிலிப்ராஜ் துடைத்த படங்கள் இல்லை.

"அக்கா, மாத்திக் குடுத்துட்டீங்க."

"மாத்தல தம்பி. படிக்கட்டும். ஒருத்தராவது படிக்கட்டும்."

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்: பயந்துபோய் எழுந்தேன், தசரதன் அறைவரை போனேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார், திரும்பி வந்து அரக்கு வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் மதலேனாள் மலைக்கு வரவில்லை. ஆலங்காயத்தில் ஜீப் சத்தம் கேட்டாலே பிலிப்ராஜ் இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம். அவள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். இங்கே நான் தபால்காரரைப் பார்த்தால் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. நாலே வரி. படங்கள் கிடைக்கப்பெற்றன. எழுத்துகள் தெளிவாகவும் மக்களுக்குப் புரியும்படியும் உள்ளன. இப்பணியைச் செவ்வனே முடித்த அதிகாரிக்குப் பாராட்டு. குழுவின் வருகை ரத்து.

தசரதன் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த வருஷம் பதவி உயர்வோடு சமவெளிக்குப் போனார். நான் பஸ் ஏறிப் போய் மதலேனாளிடம் நகலைக் காட்டினேன். தப்பித்தோம் என்று சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கடிதத்தை மடித்து என் கையில் திணித்தாள்.

"ஒருத்தன் கூட படிக்கலையா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. மாட்டிக்கொண்டிருந்தால்கூட அவள் அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டாள்.

சுவர்கள் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஜனங்கள் கல்லைப் பெயர்த்து மாட்டுக்கொட்டகைக்கும் வரப்புக்கும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கிளை செய்த பணிகளில் மக்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது அந்தக் கல்தான்.

1983-ல் ஆலங்காயத்தில் தேவாலயத் திருவிழாவின்போது ஒரு கண்காட்சி வைத்தார்கள். மதலேனாள் இருபது படங்களைப் பெரிதாக்கி மாட்டினாள். ஒவ்வொன்றின் கீழும் 'படம்: மதலேனாள்' என்று அழகான அட்டை. ஜனம் கூட்டம் கூட்டமாக வந்து படித்துச் சிரித்தது. புளி விற்க இறங்கி வந்திருந்த அம்சவல்லியும் கேள்விப்பட்டு வந்தாள். தன் வாசகத்துக்கு முன்னால் நின்றாள். அட்டையை விரலால் தட்டினாள்.

"இது இன்னாக்கா? உன் பேரு கீது."

"படம் நான் எடுத்தது தானே."

"படம் உன்னுது. பேச்சு யாருது?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மதலேனாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எடுக்கலைனா மழையில போயிருக்கும், தெரியுமா?"

"மழையில போவட்டும்னு தான் கரியில எழுதுனேன். இல்லைனா உன் பெயிண்டர்கிட்ட டப்பா வாங்கியிருக்க மாட்டேனா?"

  ஊரையே அதட்டி நிற்கவைத்தவள் பிலிப்ராஜிடமிருந்து பேனாவை வாங்கி, அட்டையில் தன் பெயருக்குக் கீழே 'எழுத்து: அம்சவல்லி, ஊத்துக்கொல்லை' என்று எழுதினாள்.

அம்சவல்லி குனிந்து பார்த்தாள். "உன் பேரு பெருசா கீது" என்றாள்.

மதலேனாள் அட்டையைப் பிடுங்கிக் கிழித்துவிட்டுப் புது அட்டை எழுதினாள். இந்த முறை அம்சவல்லி மேலே, பெரிதாக. அதைப் பார்த்த பிறகுதான் அவள் புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். மற்ற பத்தொன்பது படங்களுக்கு எழுதியவர் யார் என்று மதலேனாளுக்குத் தெரியாது. அந்த வருஷம் முழுக்கச் சந்தை நாளில் வருகிறவர்களைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு பேர் கிடைத்தார்கள். 'ஜீப் நிறையக் குழந்தைகளை வரைந்தது நான்தான்' என்று மட்டும் பதினோரு பேர் சொன்னார்கள்.