குங்குமம் வைத்த மெஷின்

“கடலுக்குப் போறவங்க வூட்டுப் பொண்ணு. உனக்கு இன்னாத்துக்கும்மா கம்பைல் வேலை? போன் எடுக்கிற சீட்டுல உக்காந்துக்க.”

நாவலூர் அலுவலகத்தில் எங்கள் டீம் லீடர் இதைச் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அதை அங்கே சொல்லி இரக்கம் வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் பயிற்சிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குப் பிறகு நான் மென்பொருளைக் கட்டும் இடத்தில் இருப்பேனா, வாடிக்கையாளர் போனை எடுக்கும் இடத்தில் இருப்பேனா என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

நாங்கள் விற்ற மென்பொருள் சோதனைக்கூடங்களின் அளவீடுகளை வரைபடமாக்கித் தரும். கடினமான கணக்கை எல்லாம் வெளியார் யாரோ எழுதிப் பொதுவில் கொடுத்திருந்த ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, செய்தது. எழுதிய நிரலை விண்டோஸுக்குத் தனியாக, லினக்ஸுக்குத் தனியாக ஓடும் வடிவத்துக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, சிடியில் எழுதி அனுப்புவோம். இரண்டையும் போட்டு வைத்திருந்த டீம் லீடரின் மெஷினில்தான் அந்த வேலை நடக்கும். ஆயுத பூஜையன்று அவர் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ராசியான மெஷின் என்று பெயர். ராசி போய்விடும் என்று யாரும் அதைத் துடைத்துப் புதிதாக நிறுவியதே இல்லை. எதை எதையோ போட்டுப் போட்டு அது ஊறிப்போயிருந்தது. வெளியார் லைப்ரரியும் அதற்குள் கிடந்தது. சிடிக்குள்ளும் அது போகிறதா என்று நான் கேட்டேன்.

“என் மெஷின்ல ஓடுது. உனக்கு இன்னா பேஜாரு?” என்றார்.

சனிக்கிழமை புதுப்பட்டினத்தில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு சிடியோடு போனேன். கடைக்கார பாய், வைரஸ் புகுந்த ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து விண்டோஸை மட்டும் போட்டு வைத்திருந்தார். எனக்கு வேண்டியது அதுதான். நிறுவித் திறந்தேன். அந்த லைப்ரரியின் கோப்பைக் காணோம் என்று சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. பாய் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, உங்க கம்பெனி பொட்டிய மட்டும் அனுப்பிட்டு சரக்க வூட்லயே வுட்டுகீது?”

அந்தத் திரையை அச்செடுத்துக்கொண்டு போய், திங்கட்கிழமை டீம் லீடரின் மேசையில் வைத்தேன். அவர் தாளைக் கையால்கூடத் தொடவில்லை. பிரவுசிங் சென்டரில் பாட்டுக் கேட்கிற கம்ப்யூட்டரை வைத்தா எனக்குப் பாடம் எடுக்கிறாய் என்றார். சிடி அன்றே கூரியரில் போனது. அது போய்ச் சேர்ந்ததும், வாடிக்கையாளர் அதே சாம்பல் பெட்டியைப் படமாக எடுத்து எங்கள் மேலாளருக்கு அனுப்பினார். லினக்ஸ் பிரதியும் அதே காரணத்தால் படுத்துவிட்டது என்று கீழே எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு டீம் லீடர் என் இடத்துக்கே வந்தார். குரல் இறங்கியிருந்தது, பார்வை இறங்கவில்லை.

“என் மெஷின்லயே சரி பண்ணிக் குடு. நான் அனுப்பிக்கிறேன். உன் சீட்டப் பத்தி அப்பறம் பாக்கலாம்.”

“அந்த மெஷின்ல பண்ண மாட்டேன், சார். அதுல எது ஓடினாலும் நம்ப முடியாது. துடைச்ச மெஷின் வேணும். அனுப்புறதும் நான்தான்.”

“ராசியான மெஷின நம்ப முடியாதா? திமிரு புடிச்ச பொண்ணு.”

திமிர் என்பதை நான் மறுக்கவில்லை. அவர் நேராக மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கை என் பக்கம் நீண்டு நீண்டு திரும்பியது. நான் எழுந்து பயிற்சி அறைக்குப் போனேன். அழுதால் அவருக்குத்தான் லாபம்.

பயிற்சி அறையில் சில கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. ஒன்றைத் துடைத்து விண்டோஸ், இன்னொன்றைத் துடைத்து லினக்ஸ் போட்டேன். லைப்ரரியையும் உள்ளே சேர்த்து இரண்டிலும் கம்பைல் செய்தேன். வேறு இரண்டைத் துடைத்து விண்டோஸையும் லினக்ஸையும் மட்டும் போட்டு, அவற்றில் நிறுவிப் பார்த்தேன். வரைபடம் வந்தது. குங்குமம் வைத்த மெஷின் பக்கம் நான் போகவே இல்லை.

சாயங்காலம் மேலாளர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். போன் சீட்டா, கம்பைல் சீட்டா என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் போலிருந்தது. அதற்குள் கூரியர்காரர் புதிய சிடியை வாங்கிக்கொண்டு படியிறங்கியிருந்தார். உறையின் மேல், கம்பைல் செய்தவர் என்று எழுதி அதன் எதிரே என் பெயரைப் போட்டிருந்தேன்.