முழங்கால் அளவுதான்

நம்புகிறவர்கள் நம்புங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். போன செப்டம்பரில், பட்டப்பகலில், ஐஸ்லாந்தின் மலைமேட்டில் எனக்கு நடந்தது இது. அன்றிலிருந்து டோர்ஃபியின் பெயரைக் கேட்டாலே வயிறு எரிகிறது.

டோர்ஃபியும் நானும் இருபது வருடக் கூட்டாளிகள். எரிமலைச் சாம்பல் வெளிக்குள் எப்போதும் இரண்டு ஜீப்பாகத்தான் போவோம். பனி உருகி வரும் ஆறு குறுக்கிட்டால், முன்னால் போகிறவன் ரப்பர் கால்சட்டை மாட்டி, நடந்து ஆழம் பார்த்துச் சொல்வான். அவன் சொன்ன பிறகு பின்னால் வருகிறவன் இறங்கிப் பார்ப்பதில்லை. பார்த்தால் கூட்டாளியைச் சந்தேகப்பட்ட மாதிரி.

அன்று காலை என் டயர் கிழிந்தது.

"நீ மெதுவா ஒட்டு போட்டுட்டு வா, கிழவா. நான் போய் காபி போட்டு வைக்கிறேன்" என்று நக்கலடித்துவிட்டு டோர்ஃபி முன்னால் போய்விட்டான்.

நான் ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி மூன்று இருபது. ஒரே மூடுபனி. கருமணலில் அவன் டயர்த்தடம் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. எதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள். அப்பாடா, அவன் கடந்துவிட்டான் என்றிருந்தது.

ரேடியோ கரகரத்தது.

"கிரிமுர்... வந்துட்டியா?"

"வந்துட்டேன். ஆழம் எப்படி?"

"முழங்கால் அளவுதான். நடந்து பாத்துட்டேன். வா."

எப்போதும் 'கிழவா'தான்; அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. குளிரில் கடுப்பாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டு, முதல் கியரில் இறங்கினேன்.

கொஞ்சதூரம் போனதும் கவனித்தேன். விளக்குகள் எதிர்க்கரையில் இல்லை... தாழ்வாக இருந்தன. தண்ணீருக்கும் கீழே.

சளக்... சளக்... பானெட்மேல் நீர் ஏறியது.

"டோர்ஃபி, ஆழமா இருக்குடா."

"இன்னும் கொஞ்சம் வா."

ரிவர்ஸ் போட்டேன். டயர் வழுக்கியது. கதவிடுக்கில் தண்ணீர்...

"வா..."

எப்படிக் கரையேறினேன் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தேன்.

விளக்குகள் இல்லை.

மறுநாள் மீட்புக் குழு அவனை வெளியே எடுத்தது. நான் பின்வாங்கிய இடத்துக்குச் சற்று முன்னால், ஆற்றுப் பள்ளத்தில் மூழ்கிய ஜீப்புக்குள், சீட் பெல்ட்டோடு இருந்தான். ரப்பர் கால்சட்டை பின்சீட்டில் கட்டியபடியே கிடந்தது. மதியத்துக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர்.

செத்தவன்மேல் கோபம் கூடாது என்கிறாள் என் மனைவி. ஆழம் தெரியாமல் கூப்பிட்டிருந்தால் நானும் மன்னித்திருப்பேன்.

அவனுக்குத் தெரியும்.